யன்னல் சீலையைத் தின்ற மான்

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து என் மேசைக்கு முன்னால் நின்ற அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காதைத்தான் பார்த்தார்.

எனக்கு அது புதிதல்ல. அந்த நாட்களில் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் காணிக் கந்தோருக்கு வருகிற பாதிப் பேர் என் காதைப் பார்க்கத்தான் வந்தார்கள். மற்றப் பாதிப் பேர் காணி அலுவல் என்று வந்துவிட்டு, போகிற போக்கில் காதையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வந்தவர் பெயர் தவராசா. கந்தளாயில் உழவு இயந்திரம் திருத்துகிற கராஜ் வைத்திருந்தார். கராஜ் நிற்கிற துண்டுக் காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க மாதக்கணக்காக எங்களிடம் அலைந்தவர். வரும்போதெல்லாம் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவார். அன்று காலமை தயிரும் இல்லை, முகத்தில் களையும் இல்லை.

குடையை என் மேசைக் காலில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்து வைத்தார். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்ததும் அதைக் கைவிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“மிஸ், கத்தாரில ஒரு பெரிய கராஜில வேலை சரிவந்திருக்கு. போனால் அஞ்சு வருஷம். மாதக் கடைசிக்குள்ள பதில் சொல்லவேணும். போகவோ, விடவோ?”

என் இடது காது சுட்டது. வழக்கமான சூடு இல்லை. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டப் பிடித்த மாதிரி, அடியிலிருந்து நுனி வரைக்கும் சுட்டது.

“போகவேண்டாம்,” என்றேன்.

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “சரி மிஸ்,” என்று எழும்பினார். குடையை மறந்துபோய் அப்படியே வெளியே இறங்கி நடந்தார். பக்கத்து மேசை ஜெசீமா எட்டிப் பார்த்து, அந்தாள் நனைந்துகொண்டு போகிறார் என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இந்த வாரம் காது

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் மூக்கைப் பற்றித் தெரியும். என் கோபத்தைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரியும். காதைப் பற்றி மட்டும் எழுதாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுத வைத்தவள் என் அக்காவின் மகள். கொழும்பில் இருக்கிறாள். போன கிழமை போன் எடுத்து, இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் புது வேலைக்குப் போகலாமா என்று என் காது கழன்று விழுமட்டும் அலசினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சித்தி, என்ர மனசு ஒண்டு சொல்லுது. அதை நம்பலாமோ?” என்றாள்.

நம்பு என்று சொல்லியிருக்கலாம். பேய்க்கதை கதையாதே என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் எனக்கு வாய் வரைக்கும் வந்தன. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, போனை வைத்துவிட்டேன். ஆகவே பிள்ளை, உனக்கான பதில் இங்கே இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். உன் கேள்வியும் அப்படித்தான் வந்தது.

யானைக்குப் போன வாழைக்குலை

என் காது பெயர் எடுத்தது ஒரு யானையால்.

எங்கள் கந்தோரில் ஒரு தலைமைக் கிளாக்கர் இருந்தார். மேலிடத்துச் சுற்றுநிருபத்தில் இல்லாத எதையும் நம்பாத மனிதர். ஒரு நாள் பின்னேரம் கந்தளாயில் ஏதோ காணி பார்க்கக் கந்தோர் வாகனத்தில் வெளிக்கிட்டார். போகிற வழியில் கோவிலுக்குக் கொடுக்க ஒரு கதலிக் குலையும் வாங்கி மடியில் வைத்திருந்தார். அன்று காலமை அவர் எனக்கு லீவு தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பத்திக்கொண்டு வந்தது. என் இடது காது வேறு காந்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்தபடி, “ஐயா, இண்டைக்குப் போகாதேங்கோ. எனக்கென்னவோ காது சுடுது,” என்றேன்.

சும்மா சீண்டுவதற்குத்தான் சொன்னேன். மனிதர் போய்விட்டார். கந்தளாய்க்குக் கிட்ட ரோட்டுக்குக் குறுக்கே ஒரு யானை நின்றிருக்கிறது. அந்த ரோட்டில் யானை நிற்பது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் இந்த யானை வாகனத்துக்குக் கிட்ட வந்து, கண்ணாடி இறக்கியிருந்த பக்கத்தால் தும்பிக்கையை விட்டு, அவருடைய மடியில் இருந்த குலையை எடுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அங்கேயே நின்று ஆறுதலாகச் சாப்பிட்டது. அவ்வளவு நேரமும் இவர் மூச்சு விடாமல் இருந்தாராம்.

அடுத்த நாள் வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, “மிஸ், அது இடது காதோ, வலது காதோ?” என்று கேட்டார்.

அன்றைக்கே எனக்கு லீவு கிடைத்தது. அந்தக் கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இடமாற்றம் கேட்கலாமா என்று ரீச்சர்மார் வந்தார்கள். பழைய ஓட்டோ வாங்க இருந்தவர்கள் வந்தார்கள். உப்புவெளியில் விடுதி நடத்தும் ஒருவர், மீசையை எடுக்கலாமா என்று கேட்க மூத்த மகனையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டம் மிகச் சுலபம். காது சுட்டால் வேண்டாம். சுடாவிட்டால் போகலாம். மீசைக்காரருக்குச் சுட்டது. அந்த மீசை இன்னும் உப்புவெளியில் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் நல்ல புளுகமும் பெருமையுமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காதவளுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு காது பேர் வாங்கித் தந்தால் வேண்டாம் என்றா சொல்வாள்?

என் சொந்தக் காரியம்

எனக்கு வந்த சம்பந்தங்களுக்கும் அதே சட்டம்தான். தரகர் காலமையில் மீன் வியாபாரம் பார்க்கிறவர். வியாபாரம் முடிந்து, குளித்து, வாசம் போகப் பவுடர் போட்டுக்கொண்டு, பின்னேரமாகத்தான் கந்தோருக்குப் படங்களைக் கொண்டுவருவார். ஒரு வங்கிக்காரரின் படத்தைக் காட்டினார். சுட்டது. ஒரு மருந்தாளரைக் காட்டினார். சுட்டது. ஒரு நில அளவையாளர், படத்தில் மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சுட்டது.

அம்மா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டா. இந்தக் காதை அறுத்து மீனுக்குப் போட்டால்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும் என்று சொல்லிச் சொல்லியே கறி சமைத்தா. எனக்கு அந்த நேரத்தில் அம்மாவைவிடக் காதில்தான் நம்பிக்கை.

ஜெசீமாவின் போர்வை

தவராசா வந்துபோனதன் பிறகு மழை விடவில்லை. யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம் கண்ணுக்கே தெரியாமல் பெய்தது. அந்த நாட்களில் கேள்வியோடு வந்த எவருக்கும் என் காது சுடவில்லை. எல்லாருக்கும் போகலாம், செய்யலாம், வாங்கலாம்தான். பக்கத்து வீட்டுக்காரனின் பாதையை மறித்து மதில் கட்டலாமா என்று கேட்டவருக்கும் கட்டலாம் என்றேன். அந்தச் சண்டை மூன்று நாளில் எங்கள் கந்தோருக்கே வந்து சேர்ந்தது.

ஜெசீமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வாயாடி. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம். அந்தக் கிழமை அவள் பேசாமல் இருந்தாள்.

மழை விட்டு வெயில் எறித்த முதல் நாள் பின்னேரம், என் காது பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. அடுத்த நாள் ஜெசீமா வீட்டில் இருந்து ஒரு போர்வை கொண்டுவந்தாள். பச்சை நிறம், நடுவில் பெரிய மயில். அதை என் மேசைக்குப் பக்கத்து யன்னலில் ஆணி அடித்துக் கொழுவிவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

பின்னேரம் முழுக்க என் காது பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து இருந்தது. மயிலைத் தூக்கினாள், சுட்டது. இறக்கினாள், குளிர்ந்தது. தலைமைக் கிளாக்கர் எழும்பி வந்து, தானும் ஒருக்கால் மயிலைத் தூக்கிப் பார்த்தார்.

“காலமை வந்தவனுக்கெல்லாம் போ. பின்னேரம் வந்தவனுக்கெல்லாம் போகாத. மழை பெஞ்சா எல்லாருக்கும் போ,” என்றாள் ஜெசீமா. “இது காதில்ல புள்ள, வெயில்.”

மேற்குப் பார்த்த யன்னல். கீழே உள்துறைமுகம். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து நேரே என் இடது காதில்தான் விழும். முந்தி அந்த யன்னலில் வெயில் மறைக்க ஒரு சீலை தொங்கியது. உப்புக் காற்றில் ஊறி ஊறி நல்ல ருசி ஏறியிருக்கவேண்டும். ஒரு நாள் மத்தியானம் நாங்கள் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருக்கையில், வளவுக்குள் மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்று கம்பிக்குள்ளால் வாயை விட்டு அதை இழுத்துத் தின்றுவிட்டது. எங்கள் ஊரில் மான் மாடு மாதிரித் தெருவில் திரியும், ஒருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் மான் தின்றுவிட்டது, வேறு சீலை தாருங்கள் என்று மேலிடத்துக்குச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. யன்னல் அப்படியே மொட்டையாக நின்றது. அது நடந்தது யானைக்கு முந்திய கிழமை.

ஆக, இவ்வளவு காலமும் திருகோணமலை மக்கள் என்னிடம் வந்து கேட்டது ஒரு மானின் பசியை.

முதலில் சிரிப்பு வந்தது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். பிறகு வங்கிக்காரர் நினைவுக்கு வந்தார், மருந்தாளர் வந்தார், மரத்தடியில் சிரித்தவர் வந்தார். பாவம், மூன்று பேரும் வெயிலில் போய்விட்டார்கள். அவர்களுக்காக ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தவராசா நினைவுக்கு வந்தார்.

மாதக் கடைசிக்கு இரண்டோ மூன்றோ நாள்தான் இருந்தது. ஒரு மனிதர் தன் ஐந்து வருட வாழ்க்கையைக் கொண்டுவந்து என் காதுக்கு முன்னால் வைத்தார். நான் வெயிலைக் கேட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். உடனே போனை எடுத்தேன். ஜெசீமா அதைப் பறித்தாள்.

“இதெல்லாம் போன்ல சொல்ற கதையா? நேர போய்ச் சொல்லு,” என்றாள். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் குடையை எடுத்து என் கையில் திணித்தாள். “அந்தாள்ட குடையையும் குடுத்திட்டு வா.”

கந்தளாய் பஸ்

பஸ்ஸில் சனம் நெரிந்தது. நான் குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மன்னியுங்கோ, கத்தாருக்குப் போங்கோ. இவ்வளவுதான். சின்ன வசனம். ஆனால் இரண்டாவது பாதிக்கு வரும்போதெல்லாம் திரும்பவும் மன்னியுங்கோவில் இருந்து தொடங்கினேன்.

அவர் போய்விட்டால் தயிர் யார் கொண்டுவருவார் என்று ஒரு நினைப்பு வந்தது. கண் கலங்கிவிட்டது. ஒன்று சொல்லவேண்டும், எனக்குத் தயிர் பிடிக்காது. சின்ன வயதில் இருந்தே பிடிக்காது. அவர் கொண்டுவந்த சட்டி எல்லாவற்றையும் தலைமைக் கிளாக்கர்தான் தின்று முடித்தார்.

பக்கத்தில் இருந்த மனிசி நான் செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டா. யார் மோசம் போனது என்று கேட்டா. இன்னும் ஒருவரும் இல்லை என்றேன். என் கையைத் தடவி, வாயில் போடச் சொல்லிப் பையில் இருந்து ஒரு இஞ்சி ரொபி எடுத்துத் தந்தா.

இரண்டு கால்கள்

கராஜில் ஆளைக் காணவில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு உழவு இயந்திரம் நின்றது. அதற்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

முகத்தைப் பார்த்தால் சொல்ல ஏலாது என்று தெரிந்தபடியால் கால்களுக்கே சொல்லத் தொடங்கினேன். வெயில், யன்னல், மயில் போர்வை, மான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என்னுடைய காதுக்கு ஒரு மண்ணும் தெரியாது, மாதம் இன்னும் முடியவில்லை, கத்தாருக்குப் போங்கோ என்று முடித்தேன். கால் விரல்கள் அசையவே இல்லை.

பிறகு தவராசா மெல்ல வெளியே வந்தார். நெற்றி முழுக்க எண்ணெய்.

“நான் அண்டைக்கே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார். “அந்த இடத்துக்கு வேற ஆளும் எடுத்திட்டினம்.”

பக்கத்தில் ஒரு பழைய டயர் கிடந்தது. அதில் பொத்தென்று இருந்தேன். அழுகை வந்துவிட்டது. அழகாக அழத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். நான் அந்த இனம் இல்லை.

“உங்கட வாழ்க்கையை ஒரு மான் திண்டுபோட்டுது,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி என் மடியைப் பார்த்தார்.

“அது என்ர குடை எல்லோ?”

“ஓம். விட்டிட்டுப் போட்டியள்.”

“நான் ஏன் அண்டைக்குக் குடை கொண்டு வந்தனான்?”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிசி டயரில் இருந்து அழுதுகொண்டிருக்கிறாள், இந்த மனிதர் குடை விசாரணை நடத்துகிறார். “மழை பெய்தது, கொண்டு வந்தனீங்கள். இதென்ன கேள்வி?”

“காலமையோ, பின்னேரமோ?”

“காலமை,” என்றேன். சொல்லிவிட்டு வாயை மூட மறந்துபோனேன்.

காலமை. மழை. வெயில் ஒரு பொட்டும் இல்லை. கந்தோரில் இருந்து கந்தளாய் வரைக்கும் அந்தச் சாட்சியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு அது குடையாக மட்டும்தான் தெரிந்தது.

“உங்கட காது மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்தது. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்,” என்றார். பிறகு துணியை உழவு இயந்திரத்தின் மேல் போட்டார். “எனக்கு இந்தக் காதுக் கதையில எல்லாம் நம்பிக்கை இல்லை மிஸ். நீங்கள் போகவேண்டாம் எண்டு சொன்னால் நிக்கலாம் எண்டுதான் வந்தனான்.”

எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, நல்ல நிழலில், என் காது திரும்பவும் எரியத் தொடங்கியது. இடது மட்டும் இல்லை, இந்த முறை இரண்டும். அவசரமாக இரண்டு கையாலும் பொத்தினேன். குடை கீழே விழுந்தது.

“மூடாதேங்கோ மலர்,” என்றார்.

அதுவரைக்கும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிள்ளைக்குப் பதில்

மனசு சொல்வதை நம்பலாமோ என்று கேட்டாய். கத்தாரில் என்ன நடக்கும் என்று என் காதுக்குத் தெரியாது. யானை எந்த வளைவில் நிற்கும் என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எனக்கு என்ன வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

ஆகவே முதலில் யன்னலுக்குச் சீலை இருக்கிறதா என்று பார். பசியில் இருக்கிறாயா, யாரோடாவது சண்டை பிடித்துவிட்டு வந்தாயா என்றும் பார். இதெல்லாம் சரியாக இருந்தும், மழையும் பெய்து, காது அப்போதும் சுட்டால், என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. பஸ் ஏறு.

உன் சித்தப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். தயிர் பிடிக்காது என்பதை இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, கோபத்தோடு வெளியே போயிருக்கிறார். மழைக்குணமாக இருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

கந்தளாய் போய்வந்ததற்கு அடுத்த நாள் காலமை, நான் கந்தோருக்குள் நுழையும்போது மயில் போர்வை அப்படியே யன்னலில் தொங்கியது. ஜெசீமா எனக்கு முந்தியே வந்து, என் மேசைக்கு முன்னால், வாடிக்கைக்காரர்கள் இருக்கிற கதிரையில் இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்பாள் என்று, சொல்லவேண்டியதை எல்லாம் திரும்பி வந்த பஸ்ஸிலேயே அடுக்கிவைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“கதையெல்லாம் வேணாம் புள்ள,” என்றாள். “தலைமுடிய ஒதுக்கு. காதக் காட்டு.”